வாக்கு, நாடு, வெயில்: இடதுசாரிகள் போடும் கணக்கு

கோவை மாவட்டத்தில் சோமனூர்ப் பக்கம் எட்டு விசைத்தறி வைத்திருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஷெட் அவருடையது. தறி அவருடையது. மின் இணைப்பும் அவர் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் பாவும் ஊடை நூலும் ஜவுளி உற்பத்தியாளர் கொடுத்தவை. நெய்து முடித்த துணியும் அங்கேதான் திரும்பிப் போகும். தறிக்காரருக்குக் கிடைப்பது கூலி மட்டும். அந்தக் கூலியை முடிவுசெய்வதும் அவர் கையில் இல்லை. ஊரில் அவரை முதலாளி என்றுதான் அழைக்கிறார்கள். கூலி உயர்வு கேட்டுத் தறியை நிறுத்திப் போராட்டத்தில் உட்காருபவரும் அவர்தான்.

இவர் முதலாளியா, தொழிலாளியா? இடதுசாரிச் சிந்தனை என்றால் என்ன என்று கேட்கும் இளைஞர்களிடம் நான் முதலில் வைக்கும் கேள்வி இது. பதில் சொல்லத் திணறினால் பாதிப் பாடம் முடிந்தது. ஒருவரிடம் எத்தனை பணம் இருக்கிறது என்பது இடதுசாரிகளுக்கு இரண்டாவது கேள்வி. உற்பத்தியில் முடிவெடுப்பவர் யார், லாபம் யார் பெட்டிக்குப் போகிறது, நஷ்டம் யார் தலையில் விழுகிறது என்பவைதான் முதல் கேள்விகள். உழைப்பவர் உருவாக்கும் மதிப்பில் ஒரு பங்கு கூலியாகத் திரும்புகிறது. மீதி, உற்பத்திக் கருவியும் சந்தையும் யார் பிடியில் இருக்கின்றனவோ அவர்களிடம் போகிறது. மார்க்ஸ் உபரி மதிப்பு என்று சொன்னது இதைத்தான். திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு இரவு எட்டரைக்குப் பவர் டேபிள் என்னும் மின் தையல் இயந்திரத்தை விட்டு எழும் டெய்லருக்கு இதைப் புத்தகம் வைத்து விளக்கத் தேவையில்லை.

கொங்கு நாட்டில் இப்படிப் பேசினால் உடனே ஒரு மறுப்பு வரும்: “இங்கே எல்லோரும் உழைத்து முன்னுக்கு வந்தவர்கள், இது செங்கொடிக்கு ஏற்ற மண் இல்லை.” வரலாறு அப்படிச் சொல்லவில்லை. ரஷ்யப் பயணம் முடித்துத் திரும்பிய பெரியார், கம்யூனிஸ்ட் முன்னோடி சிங்காரவேலருடன் சேர்ந்து 1932இல் சமதர்மத் திட்டம் வகுத்தது ஈரோட்டில். கோவை மில் தொழிலாளர் போராட்டத்தை ஒட்டிய கொலை வழக்கில் சின்னியம்பாளையத்தைச் சேர்ந்த ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் ஆகிய நால்வரும் கோவைச் சிறையில் 1946 ஜனவரி 8 அன்று தூக்கிலிடப்பட்டார்கள். 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் இறந்தார்கள். சுதந்திரம் கிடைத்து மூன்றாண்டு ஆகாத நேரம் அது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இடதுசாரி என்பது ஒரே கட்சியோ ஒரே கருத்தோ கிடையாது. தேர்தல் வழியாகவே சமத்துவத்துக்குப் போகலாம் என்ற சமூக ஜனநாயகவாதிகள், கம்யூனிஸ்ட் கட்சிகள், தேர்தலையே புறக்கணிக்கும் மாவோயிஸ்டுகள், சாதியைப் பேசாத வர்க்கப் பேச்சு அரைகுறை என்னும் பெரியாரிய, அம்பேத்கரிய இடதுசாரிகள், சூழலியல் சோசலிஸ்டுகள் என்று பல கிளைகள் உண்டு. அவர்களுக்குள் நடக்கும் சண்டை, எதிரிகளோடு நடக்கும் சண்டையைவிடச் சூடாக இருக்கும்.

ஓட்டுப் போட்டால் மாறுமா?

இந்தச் சண்டை பழையது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மனியில் எட்வர்ட் பெர்ன்ஸ்டைன், சீர்திருத்தங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனால் சோசலிசம் படிப்படியாக வந்துவிடும் என்றார். ரோசா லக்சம்பர்க் அதை மறுத்தார். சீர்திருத்தத்துக்காகப் போராட வேண்டும், தேர்தலிலும் நிற்க வேண்டும். ஆனால் உடைமை உறவை நாடாளுமன்றச் சட்டம் தானாக மாற்றிவிடும் என்று நம்பக் கூடாது என்பது அவர் வாதம். இன்றுவரை உலகெங்கும் இடதுசாரிகள் இந்த இரண்டு கரைகளுக்கு நடுவில்தான் நீந்துகிறார்கள்.

வாக்குரிமையே போராடிப் பெற்றது என்பதை மறந்துவிடுகிறோம். வெள்ளையர் ஆட்சியின் 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின் கீழ் இங்கே வாக்களிக்கச் சொத்து, வரி, படிப்பு என்று ஏதாவது ஒரு தகுதி தேவைப்பட்டது. பண்ணையத்தில் வேலை செய்தவருக்கும் மில்லில் பஞ்சு அள்ளியவருக்கும் பெரும்பாலும் ஓட்டு இல்லை. 1951–52 பொதுத்தேர்தலில்தான் வயதுவந்த எல்லோருக்கும் ஓட்டு வந்தது. அந்த ஓட்டை வைத்தே 1957இல் கோவை மக்களவைத் தொகுதி கம்யூனிஸ்ட் கட்சியின் பார்வதி கிருஷ்ணனை அனுப்பியது; அதே ஆண்டு கேரளத்தில் ஈ.எம்.எஸ். தலைமையில் கம்யூனிஸ்ட் அரசு அமைந்தது. நிலச் சீர்திருத்தத்திலும் கல்வியிலும் கைவைத்த அந்த அரசை 1959 ஜூலை 31 அன்று மத்திய அரசு கலைத்தது. சிலியில் 1970இல் தேர்தலில் வென்ற சோசலிஸ்ட் அதிபர் அயெந்தேயின் ஆட்சியை 1973 செப்டம்பர் 11 அன்று ராணுவம் கவிழ்த்தது. ஓட்டில் வெல்வது ஒன்று, அதிகாரத்தைக் கையில் எடுப்பது வேறொன்று என்று இடதுசாரிகள் எச்சரிப்பதற்கு இந்த இரண்டு சம்பவங்களும் காரணம்.

எதிர்ப்புறமும் பார்க்க வேண்டும். மேற்கு வங்கத்தில் இடது முன்னணி 1977 முதல் 2011 வரை 34 ஆண்டுகள் தொடர்ந்து ஆட்சியில் இருந்தது. யாரும் கவிழ்க்கவில்லை. நந்திகிராமத்தில் நிலம் கையகப்படுத்தும் திட்டத்தை எதிர்த்த விவசாயிகள் மீது 2007 மார்ச் 14 அன்று போலீஸ் சுட்டதில் 14 பேர் இறந்தார்கள். அங்கிருந்து சரிவு. உழவரின் பெயரால் வந்த ஆட்சி உழவர் மீது சுட்டதற்கு எந்தத் தத்துவ விளக்கமும் எடுபடாது.

தேர்தலில் பணத்தின் பங்கைப் பேச மொடக்குறிச்சியைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. ஈரோடு மாவட்டத்தில் உள்ள அந்தச் சட்டமன்றத் தொகுதியில் 1996இல் 1,033 பேர் போட்டியிட்டார்கள். கோரிக்கைகளை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்ற கோபத்தில் விவசாயிகள் கூட்டம் கூட்டமாக வேட்புமனு கொடுத்ததன் விளைவு அது. வாக்குச்சீட்டைப் புத்தகம் போல அச்சிட வேண்டியிருந்தது. அதுவரை சட்டமன்றத் தேர்தலுக்கான டெபாசிட் 250 ரூபாய்தான். அதே ஆண்டு சட்டத் திருத்தத்தில் அது 5,000 ஆனது. பின்னர் 10,000 ஆனது. விவசாயிகள் தங்கள் குறையைச் சொல்ல ஒரு வழி கண்டுபிடித்தார்கள். குறை அப்படியே இருக்க, வழியின் கட்டணம் ஏறியது. விளையாட்டு வேட்பாளர்களைத் தடுக்க வேண்டாமா என்றால், வேண்டும்தான். ஆனால் பத்தாயிரம் ரூபாயைப் பெரிய தொகையாக உணர்பவர் யார், உணராதவர் யார் என்று கேட்பது இடதுசாரிப் பார்வை.

டெபாசிட் சில்லறைச் செலவுதான். சட்டமன்ற வேட்பாளருக்கு 40 லட்சம், மக்களவை வேட்பாளருக்கு 95 லட்சம் என்று தேர்தல் செலவுக்கு இங்கே உச்சவரம்பு இருக்கிறது. கட்சி செய்யும் செலவுக்கு வரம்பே இல்லை. நன்கொடை கொடுத்தவர் பெயரை மறைத்த தேர்தல் பத்திரத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 15 அன்று ரத்து செய்தது. வழக்குத் தொடுத்தவர்களில் மார்க்சிஸ்ட் கட்சியும் ஒன்று. பத்திரம் வழியாக ஒரு ரூபாயும் வாங்காத கட்சிகளில் இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகளும் அடக்கம். பாராட்டலாம். கூடவே, 2019 மக்களவைத் தேர்தலின்போது கூட்டணிக் கட்சிகளுக்குக் கொடுத்ததாகத் திமுக தேர்தல் ஆணையத்திடம் காட்டிய கணக்கில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்கு 15 கோடி, மார்க்சிஸ்ட் கட்சிக்கு 10 கோடி, கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சிக்கு 15 கோடி என்று இருந்ததையும் சொல்ல வேண்டும். மறைக்கவில்லை, கணக்கில் காட்டிய பணம் என்பது உண்மை. ஆனால் கோவையில் மார்க்சிஸ்ட் கட்சியின் நடராஜனும் திருப்பூரில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் சுப்பராயனும் அந்தத் தேர்தலில் வென்றது எவ்வளவு செங்கொடியின் பலம், எவ்வளவு கூட்டணியின் பலம் என்று தோழர்களே வாய்விட்டுப் பேசத் தயங்குகிறார்கள்.

திருப்பூரில் இன்னொரு பெரிய கூட்டத்துக்குத் தேர்தலே எட்டாது. ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்து பனியன் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களில் மிகப் பலருக்கு ஓட்டு சொந்த ஊரில். வாக்குப்பதிவு நாளில் ரயிலேறிப் போய்வரக் கூலி இழப்பும் டிக்கெட் செலவும் ஆகும். இருக்கும் இடத்திலிருந்தே வாக்களிக்க ஓர் இயந்திர மாதிரியைத் தேர்தல் ஆணையம் 2023 தொடக்கத்தில் கட்சிகளிடம் காட்டியது. அது நடைமுறைக்கு வரவில்லை. வேலை செய்யும் ஊரின் குடிநீருக்கும் சாக்கடைக்கும் அவர்கள் குரல் கணக்கில் வராது. எந்தக் கவுன்சிலரும் அவர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்குள் போய்க் கும்பிடு போட வேண்டியதில்லை.

யாருடைய நாடு?

தேசியம் இடதுசாரிகளுக்கு வேண்டாத சொல் என்று பலர் நினைக்கிறார்கள். அடக்கப்பட்டவரின் தேசியம், அடக்குபவரின் தேசியம் என்று லெனின் பிரித்துக் காட்டினார். திருப்பூரில் 1932 ஜனவரியில் கொடியைப் பிடித்தபடி தடியடியில் விழுந்து இறந்த குமரனுடையது முதல் வகை, பேரரசுக்கு எதிரானது. கோவைச் சிறையில் செக்கிழுத்த வ.உ.சி., அதற்கு முன்பு தூத்துக்குடியில் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தியவர். அங்கே தேசமும் கூலியும் ஒரே மேடையில் நின்றன. 1914இல் நடந்தது இரண்டாம் வகை. உலகப் போருக்குக் கடன் ஒதுக்கும் தீர்மானத்துக்கு ஜெர்மனியின் மாபெரும் சோசலிஸ்ட் கட்சியே ஆதரவாக வாக்களித்தது. ஒரு நாட்டுத் தொழிலாளி இன்னொரு நாட்டுத் தொழிலாளியைப் பதுங்குகுழியிலிருந்து சுட்டான்.

பிரித்துச் சொல்வது சுலபம். நேரம் வரும்போது எது எந்த வகை என்று கண்டுபிடிப்பதில் இடதுசாரிகளே சறுக்கியிருக்கிறார்கள். 1942 ஆகஸ்டில் சூலூர் விமானத் தளம் தீப்பற்றி எரிந்தபோது கம்யூனிஸ்ட் கட்சி ‘வெள்ளையனே வெளியேறு’ இயக்கத்தை எதிர்த்து நின்றது. ஹிட்லரின் படை சோவியத் மண்ணுக்குள் புகுந்துவிட்டதால் அந்தப் போர் மக்கள் யுத்தம் என்று அது கருதியது. உலகக் கணக்கில் அதற்கு நியாயம் இருக்கலாம். உள்ளூரில் அந்தக் கணக்கு விலை போகவில்லை. எண்பது ஆண்டுகள் கழித்தும் மேடையில் எதிர்த்தரப்பு அதைத்தான் எடுத்து வீசுகிறது.

இன்றைக்கு இந்தப் பேச்சு நடக்கும் இடம் டீக்கடை. “வடக்கத்தியர் வந்து கூலியைக் குறைத்துவிட்டார்கள்” என்ற வாக்கியத்தை அவிநாசி சாலையில் எங்கே நின்றாலும் கேட்கலாம். இடதுசாரி பதில் இதுதான்: கூலியை முடிவுசெய்பவர் கம்பெனியில் இருக்கிறார், ரயிலில் வந்தவரிடம் அந்த அதிகாரம் இல்லை. அவருக்கும் அதே கூலி, அதே பி.எஃப்., அதே சங்க உறுப்பினர் அட்டை என்றால் குறைத்துக் கொடுக்க வழி அடைபடும். இங்கிலாந்தில் ஆங்கிலேயத் தொழிலாளியும் அயர்லாந்துத் தொழிலாளியும் ஒருவரை ஒருவர் வெறுத்ததே அங்கே முதலாளிகள் அசைக்க முடியாமல் நின்றதன் ரகசியம் என்று மார்க்ஸ் 1870இல் ஒரு கடிதத்தில் எழுதினார். வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கென 1979இலேயே தனிச் சட்டமும் வந்தது. இருந்தும், 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார்க்காரர்களைத் தாக்குகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியபோது ரயில் நிலையங்களில் கூட்டம் அலைமோதியது. வதந்தி ஓடும் வேகத்துக்குத் தொழிற்சங்கம் ஓடவில்லை. இந்தி பேசத் தெரிந்த சங்க ஊழியர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் காரணம் விளங்கும்.

வெளியிலிருந்து வரும் தேசியமும் இங்கே வந்து இறங்கும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்கள் பலவற்றின் மீது 50 சதவீத வரி போட்டது. ‘அமெரிக்கருக்கே முதலிடம்’ என்று அங்கே கைதட்டல் விழுந்த அதே வாரத்தில் இங்கே ஆர்டர் நின்றது, ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்ட் ஆனது. வாஷிங்டனில் வரி போட்டவரும் டெல்லியில் மார்தட்டியவரும் தத்தம் நாட்டுப் பெருமையைத்தான் பேசினார்கள்.

உள்ளூர்ப் பெருமைக்கும் இதே அளவுகோல்தான். 2021இல் கொங்கு நாட்டைத் தனி மாநிலமாக்கலாம் என்று ஒரு பேச்சு கிளம்பி அடங்கியது. அந்த ‘நாம்’ என்ற வட்டத்துக்குள் காட்டுவேலைக்குப் போகும் அருந்ததியர் குடும்பம் எந்த இடத்தில் நிற்கும் என்று கேட்டால் பேச்சு தடுமாறும். அருந்ததியருக்கு 3 சதவீத உள்ஒதுக்கீடு 2009இல் சட்டமானது. அதற்காகக் குரல் கொடுத்தவர்களில் இடதுசாரிகளும் உண்டு. ஆனால் பல கிராமங்களில் சாதி எல்லை வர்க்க எல்லையைவிடக் கெட்டியாக இருக்கிறது என்பதை அவர்கள் தாமதமாகவே ஏற்றார்கள்.

வெயிலுக்கும் வர்க்கம் உண்டா?

காலநிலை நெருக்கடி எல்லோருக்கும் பொதுவானது என்று பள்ளிப் பாடம் சொல்கிறது. இடதுசாரிகள் அங்கேயே கையைத் தூக்குவார்கள். சராசரி இந்தியர் ஆண்டுக்குச் சுமார் 2 டன் கரியமில வாயுவை வெளியிடுகிறார். சராசரி அமெரிக்கர் சுமார் 14 டன். அதனால்தான் 1992 ரியோ மாநாட்டு ஒப்பந்தம், பொறுப்பு பொதுவானது, ஆனால் வேறுபட்டது என்று எழுதிவைத்தது. இதுவரை இந்திய அரசும் இடதுசாரிகளும் ஒரே பக்கம். பிரிவது அடுத்த படியில். சராசரி இந்தியர் என்று ஒருவர் இல்லை. உலகின் வசதி மிகுந்த 10 சதவீதத்தினர் மொத்த உமிழ்வில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம்; அவர்களில் நம்மவர்களும் உண்டு. ஏழை நாடு என்ற போர்வைக்குள் பணக்காரர்கள் ஒளிந்துகொள்ளக் கூடாது என்பது இடதுசாரி வாதம்.

இதை நொய்யல் கரையில் பார்த்துவிடலாம். வெள்ளியங்கிரியில் பிறந்து கோவை, திருப்பூர் வழியாகக் காவிரிக்குப் போகும் ஆறு அது. பாசனத்துக்காக 1990களின் தொடக்கத்தில் ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டினார்கள். திருப்பூரின் சாயக்கழிவு அங்கே வந்து தேங்கியது. கிணறுகள் உப்பேறின, தென்னை காய்ந்தது. தண்ணீர் கேட்டு அணை வாங்கிய விவசாயிகளே, தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று கோர்ட்டுக்குப் போனார்கள். கழிவு ஒரு சொட்டும் ஆற்றில் விழக் கூடாது என்று உத்தரவு வந்தது. நிறைவேறாததால் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னது. நூற்றுக்கணக்கான ஆலைகள் நின்றன; சாயத் தொழிலாளர்கள் ஒரே வாரத்தில் வேலை இழந்தார்கள்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். விவசாயி நிலத்தை இழந்தார். தொழிலாளி வேலையை இழந்தார். ஆலை முதலாளி சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கடன்பட்டார். அந்தச் சாயம் ஏறிய பனியனை விற்ற ஐரோப்பிய, அமெரிக்க நிறுவனங்கள் எதையும் இழக்கவில்லை. அடுத்த சீசனுக்கும் விலையைக் குறைத்தே கேட்டன. துணி கப்பலேறியது, உப்பு இங்கே தங்கியது. உழைப்பைச் சுரண்டும் உற்பத்தி முறை மண்ணையும் சேர்த்தே சுரண்டுகிறது என்று மார்க்ஸ் எழுதியதற்கு இதைவிடக் கிட்டத்தில் உதாரணம் கிடையாது. இன்று திருப்பூரின் கழிவுநீர் வடிகட்டி ஆவியாக்கிச் சுத்திகரிக்கப்படுகிறது. ஆற்றுக்கு நல்லது. ஆனால் அதற்கு மின்சாரமும் விறகும் ஏராளமாகத் தேவை. மிஞ்சும் உப்புக் கசடை என்ன செய்வது என்பதற்கு இன்னும் நல்ல வழி இல்லை.

எல்லாவற்றையும் அரசே நடத்தினால் சரியாகிவிடும் என்று ஒரு காலத்தில் இடதுசாரிகள் நம்பினார்கள். சோவியத் ஒன்றியத்தில் பஞ்சு விளைவிக்க இரண்டு ஆறுகளைத் திருப்பிவிட்டதில் ஆரல் கடல் வறண்டு உப்புப் பாலையானது. அங்கே தனியார் முதலாளி யாரும் இல்லை. இலக்கு மட்டும் இருந்தது. பஞ்சை நம்பி வாழும் நம் பகுதிக்காரர்கள் அந்தக் கதையைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. அதனால்தான் இன்றைய சூழலியல் சோசலிஸ்டுகள், யாருக்குச் சொந்தம் என்பதோடு எவ்வளவு உற்பத்தி, எதற்காக என்றும் சேர்த்துக் கேட்கிறார்கள்.

பசுமை மின்சாரத்துக்கும் இதே விசாரணை உண்டு. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகள் சுழல்கின்றன. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூர் வரை சுமார் 1,800 கிலோமீட்டருக்கு உயர் அழுத்த மின்பாதை வந்திருக்கிறது. மின்சாரம் எல்லோருக்கும் வேண்டும். உயர்மின் கோபுரம் மட்டும் ஒருவர் காட்டில் நிற்கும். நிலம் பட்டாவில் அவர் பெயரிலேயே இருக்கும். ஆனால் கம்பிக்கு அடியில் தென்னை வைக்க முடியாது, வீடு கட்ட முடியாது, விற்கப் போனால் விலை போகாது. இதற்கு அதிகாரம் கொடுப்பது 1885ஆம் ஆண்டு வெள்ளையர் போட்ட தந்திச் சட்டம். ஒரு தடவை இழப்பீடு வேண்டாம், கோபுரம் நிற்கும்வரை ஆண்டுதோறும் வாடகை கொடுங்கள் என்று போராடிய விவசாயிகளோடு இடதுசாரி விவசாயச் சங்கங்களும் கட்சி சாராத உழவர் அமைப்புகளும் நின்றன. அந்தக் கோரிக்கையில் காலநிலை மறுப்பு எதுவும் இல்லை. மாற்றம் வரட்டும், அதன் செலவைப் பலவீனமானவர் தலையில் கட்டாதீர்கள் என்பதுதான். உலக அரங்கில் இதை நியாயமான மாற்றம் என்கிறார்கள்.

இடதுசாரித் தொழிற்சங்கங்கள் மீது எனக்குள்ள புகார் இந்த இடத்தில்தான் வருகிறது. கோபுரத்தைப் பார்த்த கண் ஷெட்டுக்குள் பார்க்கவில்லை. 2024 கோடையில் ஈரோட்டில் வெயில் 42 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. தகரக் கூரைக்குக் கீழே தறி ஓட்டுபவருக்கும் பீஸ் ரேட்டில், அதாவது தைத்த எண்ணிக்கைக்கு ஏற்ற கூலியில், தைப்பவருக்கும் அன்று கை ஓடாது. கை ஓடாவிட்டால் கூலி குறையும். மாதச் சம்பளக்காரருக்கு வெயில் என்பது வியர்வை, பீஸ் ரேட்காரருக்கு அது வருமான இழப்பு. விலைவாசி ஏறும்போது பஞ்சப்படி கேட்டு வாங்கிய சங்கங்கள் இவை. பனியன் தொழிலுக்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை முதலாளிகள் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் உட்கார்ந்து சம்பள ஒப்பந்தம் போடுகின்றன. அடுத்த பேச்சுவார்த்தையில் வெயில்படி என்று ஒரு வரியையும், மதியம் எத்தனை மணிக்கு வேலையை நிறுத்துவது என்று ஒரு வரியையும் எழுதிக்கொண்டு போகலாம். பையர், அதாவது துணி வாங்கும் நிறுவனம், தரும் விலை கட்டுப்படியாகாது என்று எதிர்த்தரப்பு சொல்லும். பஞ்சப்படிக்கும் அதைத்தான் சொன்னார்கள்.